நான்காம் அத்தியாயத்தில் செத்தவன்

காக்கிநாடா
9.1.1983

மதிப்பிற்குரிய முகைதீன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். நான் நலமாக இருக்கிறேன் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே.

தாங்கள் எழுதிய 'கட்டு அவிழாத பன்னிரண்டு வழக்குகள்' என்ற புத்தகத்தை மெட்ராஸ் ஐஸ் லாரி டிரைவர் ஒருவர் எங்கள் படகுத்துறையில் மறந்து வைத்துவிட்டுப் போனார். தமிழ் எழுத்தைப் பார்த்து வருஷக்கணக்கில் ஆகிறதே என்று ஆசையாக எடுத்துப் படித்தேன். முதல் மூன்று கொலையும் பிரமாதம். நான்காம் அத்தியாயம் 'உடல் கிடைக்காத கொலை'. பழவேற்காடு ஏரிக்கரையில் சின்னமேட்டுக்குப்பம் என்ற ஊரில், 1974 மார்ச்சில், கண்ணப்பன் என்ற வாலிபனை அவனுடைய மாமன் மகன் சிங்காரம் வெட்டி ஏரியில் போட்டுவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். உடல் கிடைக்காததால் கோர்ட்டில் விடுதலையாகிவிட்டான், ஆனாலும் கை வைத்தவன் அவன்தான் என்று பதினெட்டுப் பக்கத்துக்கு வாதாடியிருக்கிறீர்கள். படிக்கப் படிக்க எனக்கே அந்தக் கண்ணப்பன்மேல் பரிதாபம் வந்துவிட்டது.

ஐயா, அந்தக் கண்ணப்பன் நான்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. ஒரு தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, ஒரு நாள் என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். வருஷாவருஷம் சித்திரை முதல் தேதி ஊர் கூடி, ஓலை நறுக்கில் எண் எழுதிப் பானையில் போட்டு, பெயர் கூப்பிடக் கூப்பிடத் தலைக்கட்டுக்கு ஒன்றாக எடுப்போம். யாருக்கு எந்த எண் வருகிறதோ, அந்த வரிசையில் வருஷம் முழுக்க வலை விழும். அந்த வருஷம் எனக்கு அடுத்தவன் சிங்காரம். மாசி மகத்தன்று ஊரில் யாரும் வலை போடமாட்டோம். என் நாள் சரியாக அந்த மாசி மகத்தில் போய் விழுந்தது. அதனால் மறுநாள் எனக்கு என்றேன். "போனது போச்சி. நாளிக்கி என்னுது" என்றான் அவன். நான் கேட்கவில்லை. விடிந்ததும் போய் என் வலையைக் கட்டிவிட்டேன். ஊரே கரையில் நின்று பார்க்க அவன் கத்தினான்: "வலைய எடுக்கிறியா, இல்ல உன்ன எடுக்கட்டுமா?" சின்ன வயதிலேயே அப்பா அம்மாவைப் பறிகொடுத்த என்னைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவன் அவன். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை.

கோபத்தில் வலையை உருவினேன். உள்ளே கிடந்த திருக்கை மீன் வாலைச் சுழற்றிக் கணுக்காலில் ஒரு போடு போட்டது. தாங்கள் உருகி உருகி எழுதிய ரத்தம் அதுதான். சட்டையைக் கிழித்துக் கட்டினேன். பாதிச் சட்டை தோணியிலேயே கிடந்தது. அக்கரையில் இறங்கி, தோணியைக் கட்டக்கூட மனமில்லாமல் விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே அனுப்பம்பட்டு போய் ரயில் ஏறினேன். கும்மிடிப்பூண்டி, சூளூர்ப்பேட்டை என்று ஊர் ஊராக ஒதுங்கி, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தேன். வழக்கு நடந்ததே தங்கள் புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

ஆகவே நான் உயிரோடு இருப்பதைப் பத்திரிகையில் போட்டுவிடவும். அப்படியே இன்னும் சில திருத்தம். நான் குடிகாரன் இல்லை. 'குள்ளமான, முரட்டு உருவம்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஐந்தடி ஏழு அங்குலம். அந்த நாள் என்னுடைய நாள்தான், அதையும் அழுத்தமாகப் போடவும்.

இப்படிக்கு,
தங்களால் கொல்லப்பட்ட,
கண்ணப்பன்


சென்னை
20.1.1983

கண்ணப்பன் என்று சொல்லிக்கொள்பவருக்கு,

முதலில் ஒரு திருத்தம் என்னிடமிருந்து. நான் ஐயா இல்லை. என் பெயர் ஜொஹரா. முகைதீன் என் அப்பா. கொலை வழக்கைப் பெண்பிள்ளை எழுதினால் யார் வாங்குவார்கள் என்று பதிப்பாளர் சொன்னதால் அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. பிறந்தது பழவேற்காட்டில். இருபது வருஷமாக உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். அலுவலக பீரோவில் இருந்த பழைய கட்டுகளைப் படித்துப் படித்து, வேலை முடிந்த சாயங்காலங்களில் ஐந்து வருஷம் எழுதிய புத்தகம் அது. மேஜையில் உட்கார்ந்து கதை விட்டதாக நினைக்கவேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் காகிதம் இருக்கிறது.

புத்தகம் வந்த நாளிலிருந்து எனக்கு இப்படிக் கடிதங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. ஏழாம் அத்தியாயத்தின் கொலைகாரன் தான்தான் என்று ஒருவர் கண்ணீரோடு ஒப்புக்கொண்டார். அந்தக் கொலை நடந்தது 1951-இல். அவருக்கு இப்போது வயது பத்தொன்பது. ஆகவே நீங்கள் செத்தவர் என்று நான் உடனே நம்பாவிட்டால் கோபிக்கக்கூடாது.

நீங்கள் எழுதியதில் பாதி என் புத்தகத்திலேயே இருக்கிறது. மீதியை யாரும் கற்பனை செய்யலாம். அதனால் ஒரே ஒரு கேள்வி. ஆளில்லாமல் மிதந்து வந்த தோணியில் போலீஸ் எடுத்த பொருள்கள் ஐந்து. புத்தகத்தில் நான்கைத்தான் எழுதினேன். ஐந்தாவது எது?

சரியாகச் சொன்னால் மேற்கொண்டு பேசலாம். தவறாகச் சொன்னால் தயவுசெய்து வேறு எழுத்தாளரின் புத்தகத்தில் செத்துப்போங்கள். இரண்டாம் பதிப்பு மே மாதம் அச்சுக்குப் போகிறது, எனக்கு நேரமில்லை.

ஜொஹரா


காக்கிநாடா
29.1.1983

ஜொஹரா அக்காவுக்கு,

வணக்கம். எங்கள் பக்கத்து ஆள் என்று தெரிந்ததும் பாதிக் கோபம் போய்விட்டது. மீதி இருக்கிறது.

ஐந்தாவது பொருள் அலுமினியத் தூக்கு. மூடியில் ஆணியால் 'ரு' என்று கீறியிருக்கும். ருக்கு என்பதில் முதல் எழுத்து. ருக்கு அக்கா சிங்காரத்தின் மனைவி. சண்டை நடந்த அன்று விடியற்காலையிலேயே அந்தத் தூக்கைக் கொண்டுவந்து என் தோணியில் வைத்தாள். "உங்க ரெண்டு பேரு சண்ட அது பாட்டுக்கு இருக்கட்டும். துன்னுட்டு சண்ட போடு" என்றாள். உள்ளே சோறும் இறால் தொக்கும். பாதி சாப்பிட்டேன். மீதியைச் சாப்பிடாமல் வந்துவிட்டேனே என்று ரயிலில் வருத்தப்பட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். மற்ற நான்கையும் எழுதிவிட்டு அதை மட்டும் ஏன் விட்டீர்கள்?

இன்னொன்றும் கேட்கவேண்டும். பக்கம் எழுபத்தொன்றில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: 'ஒவ்வொரு ஆண்டும் சித்திரை முதல் நாள் சீட்டுப் போடும் இடத்துக்குச் சிங்காரம் தவறாமல் வந்து நிற்கிறார். குற்ற உணர்ச்சி ஒரு மனிதனை எங்கே கொண்டுவந்து நிறுத்தும் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?' அக்கா, அவனுக்கும் பாடு வரிசையில் பெயர் உண்டு. சீட்டு எடுக்கும் இடத்துக்கு அவன் வராமல் வேறு எங்கே போவான்? நான்கூட எட்டு வயதிலிருந்து போய் நிற்பேன். அப்போது நான் யாரைக் கொன்றிருந்தேன்?

என் மனைவி மனோரமா இந்த ஊர்க்காரி. தமிழ் படிக்கத் தெரியாது. உங்கள் புத்தகத்தை நான் தெலுங்கில் சொல்லச் சொல்லக் கேட்டாள். "அப்ப இத்தனை வருஷமா செத்தவனுக்கா நான் சோறு போட்டேன்?" என்று சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. ஊருக்குப் போய்விட்டு வா என்கிறாள். நான் போகமாட்டேன். அந்த நாள் என்னுடையது என்று சிங்காரம் ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதட்டும், அடுத்த ரயிலில் வருகிறேன்.

கண்ணப்பன்


சென்னை
10.2.1983

தம்பி கண்ணப்பனுக்கு,

'என்று சொல்லிக்கொள்பவர்' என்பதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தூக்கு, 'ரு' என்ற எழுத்து, பாதிச் சோறு எல்லாம் போலீஸ் எழுதிய பட்டியலில் அப்படியே இருக்கின்றன. உங்கள் கடிதத்தை ஒரு கையிலும் பட்டியலை மறு கையிலும் வைத்துக்கொண்டு அலுவலகத்தில் நான் போட்ட சத்தத்துக்கு வக்கீல் ஐயாவே எழுந்து வந்துவிட்டார். நீங்கள் உயிரோடு இருப்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அதே நேரத்தில் என் நான்காம் அத்தியாயம் கண்ணெதிரே கரைந்து போகிறதே என்று வயிறும் எரிந்தது. இரண்டும் உண்மை.

தூக்கை ஏன் விட்டேன் என்று கேட்டீர்கள். கொன்றதாகச் சொல்லப்படுகிறவன் வீட்டிலிருந்து அன்று காலை செத்தவனுக்கு இறால் தொக்கு வந்தது என்று எழுதினால் யார் அந்தக் கொலையை நம்புவார்கள்? அத்தியாயம் படுத்துவிடும். அதனால் விட்டேன். ஒவ்வொரு வரிக்கும் காகிதம் இருக்கிறது என்று உங்களிடம் பீற்றிக்கொண்டேன். எழுதாத ஒரு வரிக்கும் காகிதம் இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்ததும் பழவேற்காட்டில் இருக்கும் என் தம்பி ஜலாலுதீனை விட்டு விசாரித்தேன். அவன் எழுதியதை உங்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். சிங்காரத்துக்குப் பாடு வரிசையில் பெயர் இல்லை. கோர்ட் விட்டாலும் ஊர் விடவில்லை. 'கண்ணப்பன் வரவேண்டும், இல்லை நீ செய்ததை ஒப்புக்கொள்ளவேண்டும். அதுவரை உன் பெயருக்குப் பானையில் சீட்டு விழாது' என்று 1975 சித்திரையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்களாம். அதிலிருந்து சொந்த ஏரியில் அவருக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. பக்கத்துக் குப்பங்களில் கூலிக்கு வலை இழுக்கிறார். போன வருஷம் என் புத்தகம் டீக்கடைக்கு வந்து, ஒருவர் படிக்க ஊரே கேட்டிருக்கிறது. கொஞ்சம் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தவர்களும் அதன் பிறகு மாறிவிட்டார்களாம்.

இதைச் செய்தது பாதி நீங்கள், பாதி நான். சித்திரை முதல் தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. சீட்டுப் போடுவதற்கு முன்னால் நீங்கள் வந்து நின்றால் போதும். வாருங்கள் தம்பி.

ஜொஹரா


காக்கிநாடா
19.2.1983

அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அவனுக்குப் பாடு இல்லையா? ஏரிக்கு அவன் பெயர் தெரியாது என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். சேற்றைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தே அன்றைக்கு இறால் வருமா வராதா என்று சொல்லுவான். அவன் அடுத்தவன் வலையைக் கூலிக்கு இழுக்கிறானா?

என் புகைப்படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். கையில் இந்த மாதத்துத் தெலுங்குப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கீழே கையெழுத்தும் பெருவிரல் ரேகையும் வைத்திருக்கிறேன். இதை ஊர்ப் பெரியதனம் தேசப்பனிடம் காட்டி அவன் பெயரைச் சேர்க்கச் சொல்லவும்.

நான் வரவில்லை அக்கா. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவேன்? முதல் மாதம், சிங்காரம் தேடிக்கொண்டு வருவான் என்று ரயிலடியிலேயே படுத்துக் கிடந்தேன். அவன் வரவில்லை. அவ்வளவுதானா நான் என்று ரோஷம் வந்தது. அவன் ஜெயிலில் இருந்திருக்கிறான்! நான் இங்கே 'தேடி வரட்டும், தேடி வரட்டும்' என்று உட்கார்ந்திருக்கிறேன். இதை அவன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்லுவது? என்னால் ஆகாது.

அந்த நாள் என்னுடையது என்பதில் மட்டும் மாற்றமில்லை.

கண்ணப்பன்


பழவேற்காடு
15.3.1983

கண்ணப்பா,

இனிமேல் 'நீங்கள்' எல்லாம் கிடையாது. ஊருக்குப் போய் உன் கதை முழுவதையும் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன், எனக்கு அந்த உரிமை உண்டு.

ஒவ்வொரு பெருநாளுக்கும் பழவேற்காட்டுக்கு வருகிறேன். உங்கள் குப்பம் இங்கிருந்து ஒரு படகு தூரம். அந்த அத்தியாயம் எழுதிய காலத்தில் ஒருமுறைகூடப் போகவில்லை. காகிதம் இருக்கும்போது மனிதர்கள் எதற்கு என்று நினைத்தேன். நேற்றுப் போனேன்.

தேசப்பனிடம் உன் படத்தைக் காட்டவில்லை. புத்தகம் எழுதினவள் என்றுதான் சொன்னேன். ஒரு கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். சிங்காரத்துக்குத்தான் பெயர் இல்லையே, பிறகு அவர் ஏன் வருஷாவருஷம் சீட்டுப் போடும் இடத்துக்கு வந்து நிற்கிறார் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்தையும் விடவில்லை:

"அவன் பேரு இல்லம்மா. கண்ணப்பன் பேரு கீதே! ஆளு போயி ஒரு வருஷம் ஆச்சினா பேர எடுத்துடறது எங்க வழக்கம். எடுக்கலாம்னு ஒக்காந்தோம். ஜெயில்லருந்து வந்து நாலு மாசங்கூட ஆவல, இவன் எந்திரிச்சி நின்னான். 'என் பேர எடுத்துட்டீங்க, சரி. அவன் பேர எடுக்காதீங்க. எடுத்தீங்கனா அவன் செத்துட்டான்னு நீங்களே சொன்ன மாதிரி ஆயிடும். அவன் கோவத்துல கீறான், வருவான்'னான். ஆளு இல்லாதவனுக்கு ஒறவுக்காரன்தான் சீட்டு எடுக்கணும். அவனுக்கு இவன வுட்டா வேற யாரு கீறாங்க? இவன்தான் எடுத்துக்கினு கீறான். எட்டு வருஷமா."

தம்பி, உன் பெயருக்கு இன்னும் பானையில் சீட்டு விழுகிறது. எட்டு முறையும் அதை எடுத்த கை சிங்காரத்தின் கை. உன் நாள் வரும்போது கூலி வேலைக்குப் போகாமல், யாராவது அந்த இடத்தில் வலை கட்டிவிடப் போகிறார்களே என்று தோணியைக் கொண்டுபோய் நிறுத்திச் சாயங்காலம் வரை காவல் இருக்கிறார். ஊரில் அவரைப் பைத்தியம் என்கிறார்கள். எட்டு வருஷமாக உன் நாளில் அந்தத் தண்ணீரில் ஒரு வலைகூட விழவில்லை.

இதைத்தான் நான் பக்கம் எழுபத்தொன்றில் குற்ற உணர்ச்சி என்று எழுதினேன். படகில் திரும்பும்போது நன்றாக அழுதேன். படகோட்டி நான் தண்ணீருக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்.

சிங்காரம் வேலைக்குப் போயிருந்தார், பார்க்கவில்லை. ருக்குவைப் பார்த்தேன். புத்தகம் எழுதினவள் என்று தெரிந்ததும் என்னைத் திட்டப்போகிறாள் என்று பயந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கோர்ட்டுல என் தூக்கு ஒண்ணு மாட்டிக்கினு கீது. வாங்கிக் குடுக்க முடியுமா?" மனு எழுதிக் கையெழுத்து வாங்கி வந்திருக்கிறேன். இருபது வருஷம் டைப் அடித்ததில் இவ்வளவு சுத்தமாக ஒரு மனுவை நான் அடித்ததில்லை.

நீ உயிரோடு இருப்பதை யாரிடமும் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அதை நான் சொல்லக்கூடாது. உன் படத்தையும் திருப்பி அனுப்புகிறேன். அந்த ஊருக்குக் காகிதம் வேண்டாம், ஆள்தான் வேண்டும்.

உன் ரோஷம் பெரிதா, அந்தச் சீட்டு பெரிதா என்று நீயே முடிவு செய்துகொள்.

ஜொஹரா


காக்கிநாடா
25.3.1983

அக்கா,

நான் இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை மனோரமாவுக்குத் தெலுங்கில் சொன்னேன். நான் முடிப்பதற்கு முன்னால் அவள் பெட்டியை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்துவிட்டாள்.

வருகிறோம். சித்திரை ஒன்று காலையில் பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு பஸ் பிடித்து வந்துவிடுவோம். அந்த நாள் அவனுடையதாகவே இருக்கட்டும். ஊர் நடுவில் நின்று நானே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் வலை, அதற்காகவா ஒன்பது வருஷம்! நீங்களும் அங்கே இருக்கவேண்டும்.

கண்ணப்பன்


சென்னை
2.4.1983

தம்பி,

என் சிநேகிதி மகளுக்கு நாகூரில் அன்றைக்குத்தான் நிக்காஹ். என் தலையெழுத்தைப் பார். பன்னிரண்டு வழக்கு எழுதினேன், ஒன்றிலாவது செத்தவன் திரும்பி வந்தானா? வருகிற ஒருவனையும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. நடந்தது அத்தனையும் ஒன்று விடாமல் எழுது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று நீ யோசிக்காதே. எனக்கு அந்தப் புத்தி வந்த விலை உனக்குத் தெரியும்.

தூக்கு கிடைத்துவிட்டது. மனு போட்ட பத்தாம் நாள் கையில் கொடுத்துவிட்டார்கள். தேய்த்துக் கழுவி ஜலாலுதீனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பழவேற்காடு பஸ் நிற்கும் இடத்தில் அவன் காத்திருப்பான். ருக்குவிடம் நீயே கொடு.

ஜொஹரா


சின்னமேட்டுக்குப்பம்
17.4.1983

அன்புள்ள ஜொஹரா அக்காவுக்கு,

நேற்றும் முந்தாநாளும் எழுத முடியவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாம் என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் கிள்ளியும் பார்த்தார்கள். சூசையம்மாள் என்று பக்கத்துக் குப்பத்து மீன்காரி ஒருத்தி, கோர்ட்டில் எனக்காக அழுதவளாம், "அப்ப என் கண்ணீருக்கு இன்னாடா பதிலு?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள்.

நாங்கள் போன படகு கரையைத் தொட்டபோது சீட்டு எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஊர் முழுக்கக் கோயிலுக்கு முன்னால் மணலில் உட்கார்ந்திருந்தது. கும்பலுக்குப் பின்னால் தனியாக, ஒரு தென்னைமரத்தில் சாய்ந்தபடி சிங்காரம். தலை நரைத்துவிட்டது அக்கா. என்னைவிட நாலு வயதுதான் பெரியவன். மனோரமா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். நான் நகரவில்லை.

தேசப்பன் கூப்பிட்டார்: "கண்ணப்பன் தலைக்கட்டு!"

சிங்காரம் எழுந்து, வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் முன்னால் வந்தான். எட்டு வருஷமும் இப்படித்தான் வந்திருப்பான் போல. பானைக்குள் கையை விட்டான். அப்போது என் வாய் தானாகவே திறந்துகொண்டது.

"நானே எடுத்துக்கிறேன் மச்சான்."

பானை உடைந்துவிட்டது. அவன் தட்டிவிட்டானா, தேசப்பன் எழுந்த வேகத்தில் கால் பட்டதா என்று இன்னும் ஊரில் விவாதம் நடக்கிறது. சிங்காரம் என்னைப் பார்த்தான். உடனே கட்டிப் பிடித்துக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் ஒரு துடுப்பைத் தூக்கிக்கொண்டு என்னைத் துரத்த ஆரம்பித்தான்! கோயிலைச் சுற்றி மூன்று முறை ஓடினேன். "அவன வெட்டினேன்னு சொன்னீங்களே, இப்ப வெட்டுறேன் பாருங்கடா!" என்று கத்திக்கொண்டே அவன் பின்னால். ஊரே சிரிக்கிறது, அழுகிறது. கடைசியில் திருக்கை அடித்த பழைய கால் மடங்கி நான் விழுந்தேன். என்மேல் அவன் விழுந்தான். துடுப்பை எங்கேயோ எறிந்துவிட்டு, என் தலையைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி ஓவென்று அழுதான். நானும் அழுதேன். மூச்சு வாங்கியது, அதையும் மீறி அழுதேன்.

ரயில் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை எழுந்து நின்று சொன்னேன். "ஊரு கேக்க சொல்றேன். அன்னிக்கி நாளு சிங்காரத்துது. நான்தான் தப்பா வலை கட்டினேன்."

அவனுக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். "இன்னாடா சொன்ன? அது உன்னுதுடா! ஜெயில்ல வேற இன்னா வேலை? எண்ணி எண்ணிப் பாத்தேன். எங்க நைனா காலத்துல அவரு நாளு மாசி மகத்துல வுழுந்துது. மறுநாளு அவருக்குத்தான் குடுத்தாங்க. அப்பதான் நெனப்பு வந்துது. அத உன்கிட்ட சொல்லணும்னுதான்டா ஒன்பது வருஷமா காத்துக்கினு கீறேன்! இப்ப வந்து என்னுதுன்றியா?"

இல்லை, உன்னுது என்றேன். இல்லை, உன்னுது என்றான். தேசப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "ஒருத்தரு நாள ஒருத்தரு புடுங்கறதுக்குத் தீர்ப்பு கீது. குடுக்கறதுக்கு சண்ட போட்டா நான் இன்னாடா தீர்ப்பு சொல்லுவேன்?" என்று கேட்டார். பிறகு ஊரைப் பார்த்துக் கேட்டார், சிங்காரத்தின் பெயரைச் சேர்க்கலாமா என்று. ஒருவர் பாக்கியில்லாமல் கை தூக்கினார்கள். டீக்கடையில் உங்கள் புத்தகத்தைப் படித்துக்காட்டிய பூபதி இரண்டு கையையும் தூக்கினான். "நாமதான் தப்பு பண்ணோம்" என்று தேசப்பன் சிங்காரத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ருக்கு அக்கா அப்போதுதான் அடுப்பை விட்டு ஓடிவந்தாள். தூக்கை நீட்டினேன். வாங்கி மூடியைத் திருப்பி 'ரு'வைப் பார்த்தாள். திறந்து உள்ளே பார்த்தாள். "மிச்சம் வெச்ச சோறு எங்கடா?" என்றாள். அப்புறம் மனோரமாவைக் கட்டிக்கொண்டாள். ஒருத்தி தமிழ், ஒருத்தி தெலுங்கு, இரண்டு பேரும் என்னைத்தான் திட்டுகிறார்கள் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

வேறு பானை வந்தது. தேசப்பன் சிங்காரத்தின் பெயருக்கும் ஒரு புது ஓலை நறுக்கு எழுதிப் போட்டார். முதலில் என் பெயரைக் கூப்பிட்டார். நான் எழுந்தேன், சிங்காரம் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டான். பழகின கை, இந்த வருஷமும் நானே எடுக்கிறேன் என்று போய் எடுத்தான். அடுத்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "எனக்குன்னு எடுத்து ரொம்ப வருஷம் ஆச்சிடா. நீ போ" என்றான்.

நான் போனேன் அக்கா. சிங்காரத்துக்காக நான் எடுத்தேன்.

இந்த வருஷமும் எனக்கு அடுத்தவன் அவன்தான். வரும் மாசி மகம் யார் நாளில் விழுகிறது என்று இப்போதே இரண்டு பேரும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறோம். நாளைக்கு என் முறை. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு என் நாளில் வலை விழப்போகிறது. காவல் இருந்தவனும் கூட வருகிறான். தூக்கில் சோறு கட்டித் தருவதாக ருக்கு அக்கா சொல்லியிருக்கிறாள்.

இரண்டாம் பதிப்பில் நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிடாதீர்கள். இந்தக் கடிதங்களையே அங்கே போட்டுவிடுங்கள், உங்கள் சொந்தப் பெயரையும் அட்டையில் போடுங்கள். ஒரே ஒரு திருத்தம். என் உயரத்தைச் சிங்காரம் நேற்றுத் துடுப்பை வைத்து அளந்து பார்த்தான். ஐந்தடி நான்கு அங்குலம்தானாம். புத்தகத்தில் எழுதியது சரிதான் என்று ஊரே சிரிக்கிறது. குள்ளன் என்றே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும்,
கண்ணப்பன்